காற்று நாளில் விறகு அடுப்பு: கேள்வி பதில்

கே: காற்று பலமாக வீசினால் மட்டும் அடுப்பிலிருந்து புகை குப்பென்று வீட்டுக்குள் அடிக்கிறது. மற்ற நாளில் தொல்லை இல்லை. அடுப்பு பழுதா?

ப: அடுப்பின் மேல் பழி போடாதீர்கள். வெளியே போய்ப் புகைபோக்கியின் வாயை அண்ணாந்து பாருங்கள். பக்கத்தில் அதைவிட உயரமாக மரமோ சுவரோ கூரை முகடோ இருந்தால், காற்று அதைத் தாண்டியதும் சுருண்டு கீழே இறங்கும். இறங்குகிற இடத்தில் குழாயின் வாய் இருந்தால் புகை திரும்பத்தானே செய்யும்? கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி கூடுதல் உயரம். பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இதுதான். முதலில் இதை அளந்து பாருங்கள். புகைபோக்கி வாயில் மாட்டும் தொப்பி வாங்குவது அப்புறம்.

கே: ஜன்னலைத் திறந்தால் புகை அடங்கும் என்றார்கள். திறந்ததும் கூடிவிட்டது!

கே (இன்னொருவர்): அவர் சொல்வது தப்பு ஐயா. எங்கள் வீட்டில் திறந்தால்தான் அடங்குகிறது.

ப: இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நீங்கள் திறந்தது வேறு வேறு பக்கத்து ஜன்னல், அவ்வளவுதான். காற்று மோதும் சுவரில் அழுத்தம் கூடும், எதிர்ப்பக்கச் சுவரில் குறையும். எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்தால் வீட்டுக்குள் இருக்கும் காற்று வெளியே உறிஞ்சப்படும். அந்தக் குறையை நிரப்பப் புகைபோக்கி வழியே காற்று இறங்கும், புகையையும் கூட்டிக்கொண்டு. மோதும் பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தால் நேர்மாறாக நடக்கும். சந்தேகம் இருந்தால் ஜன்னல் இடுக்கில் மெல்லிய காகிதத் துண்டைப் பிடியுங்கள். அது வீட்டுக்குள் பக்கம் சாய்ந்தால் சரியான ஜன்னல்.

கே (அதே இன்னொருவர்): காற்று திசை மாறினால்?

ப: ஜன்னலையும் மாற்றுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் நிறுத்துங்கள். அதுவும் வீட்டுக் காற்றை உறிஞ்சுகிற சாமான்தான்.

கே: எந்தத் தொப்பி நல்லது?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: சுழலும் தொப்பி போட்டும் புகை நிற்கவில்லையே?

ப: அது காற்றுக்கு முதுகு காட்டித் திரும்ப வேண்டும். கரி படிந்து சிக்கிக்கொண்டால் வாய் காற்றைப் பார்த்து நின்றுவிடும். அதற்குத் தொப்பி இல்லாமலே இருக்கலாம். துடையுங்கள், வலை இருந்தால் அதையும்.

கே: பற்றவைக்கும்போது மட்டும் புகை.

ப: குழாய் குளிர்ந்து கிடக்கிறது. காகிதத்தை முறுக்கிக் கொளுத்தி குழாய்க்குக் கிட்டே பிடித்துச் சூடாக்குங்கள், பிறகு விறகு.

கே: இரவுக் காற்றில் தீ சீறுகிறது. குழாய்த் தடுப்பை முழுதாக மூடிவிட்டுத் தூங்கலாமா?

ப: கூடவே கூடாது. தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுப்புக்குள் போகும் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், வெளியேறும் வழியை அடைக்காதீர்கள். அந்த வாயுவைக் கண்டால் ஒலிக்கும் அலாரம் மாட்டுங்கள்.

கே: புகை தெரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் தலைவலி.

ப: இதைப் படிப்பதை விட்டு எல்லோரும் வெளியே போங்கள். உடனே மருத்துவ உதவிக்குக் கூப்பிடுங்கள். மணம் இல்லை என்று இப்போதுதானே சொன்னேன்.

கே: விறகு ஈரமாக இருந்தால்?

ப: ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை எரிக்காதீர்கள். சூடு நீராவிக்கே செலவாகும், குழாயில் கரிப்பிசின் படியும், ஒருநாள் குழாயே தீப்பிடிக்கும்.

இன்னும் மூன்று பேர் எந்தத் தொப்பி என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட உயரம் எழுதவில்லை. அளந்து எழுதுங்கள், பார்க்கலாம்.