அரசு சொன்ன காரணம் பொய்யானால், என் மகன் போருக்குப் போக மறுக்கலாமா?

கேள்வி: நாங்கள் இருபது வருடமாகக் கிழக்கு லண்டனில் இருக்கிறோம். இங்கேயே பிறந்து வளர்ந்த மகனுக்கு 22 வயது. பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. 2003-இல் இல்லாத ஆயுதங்களைக் காரணம் காட்டி இராக்குக்குப் படை அனுப்பினார்கள் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நாளைக்கு இன்னொரு போர் வந்து, அரசு சொல்லும் காரணம் நியாயமாகத் தெரியாவிட்டால், அவன் போக மறுக்கலாமா? போனால் அவனும் குற்றவாளி ஆகிவிடுவானா? ஒரு தாயாக நான் கோர்ட்டுக்குப் போக முடியுமா? ஊர்வலம் நடந்தால் அதிலாவது கலந்துகொள்ளலாமா?

பதில்: அம்மா, வணக்கம். உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு போர் சர்வதேசச் சட்டப்படி தவறானதாகவே இருந்தாலும், அதில் போய்ச் சண்டையிட்டார் என்பதற்காக மட்டும் உங்கள் மகன் குற்றவாளி ஆகமாட்டார். ஆக்கிரமிப்புப் போர் என்பது அதைத் திட்டமிட்டு நடத்தும் தலைவர்கள் செய்யும் குற்றம். நூரம்பர்க் விசாரணைக் காலத்திலிருந்தே சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. அந்தப் பாரம் பிரதமர் மேசையில் இருக்கிறது, சிப்பாயின் முதுகில் இல்லை.

ஆனால் போர்க்களத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதற்கு அவரே பொறுப்பு. சரணடைந்தவரைச் சுடு, கைதியை அடி என்று மேலதிகாரி சொன்னால் அது சட்டபூர்வமான உத்தரவே அல்ல. அதை மறுக்க வேண்டும், மறுப்பதுதான் அவருடைய கடமை. 'மேலே சொன்னார்கள், செய்தேன்' என்ற பதில் அங்கே எடுபடாது. போருக்குப் போனது சரியா என்பதும், போரில் நடந்துகொண்ட விதம் சரியா என்பதும் சட்டத்தில் வேறு வேறு கேள்விகள். கீழே நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் இந்த வேறுபாடுதான் அடிப்படை.

சரி, இராக் விஷயத்துக்கு வருவோம். அரசு சொன்ன காரணம் நியாயமானதா என்று கேட்கிறீர்கள். என் கருத்து: இல்லை. ஆனால் 'பொய் சொன்னார்கள்' என்ற ஒரு வார்த்தையில் அதை முடித்துவிட முடியாது. மக்களிடம் சொன்ன காரணம் ஒன்றாகவும், சட்டத்துக்குச் சொன்ன காரணம் வேறாகவும் இருந்தது. எனக்கு அதுதான் பெரிய தவறாகப் படுகிறது.

மக்களிடம் சொன்னது பேரழிவு ஆயுதம். 2002 செப்டம்பர் 24 அன்று அரசு வெளியிட்ட ஆவணத்தில், உத்தரவு வந்த 45 நிமிடத்துக்குள் இராக் அவற்றைப் பயன்படுத்தத் தயாராகிவிடும் என்று இருந்தது. படித்தவர்கள் ஏவுகணை நம் தலையில் விழும் என்று பயந்தார்கள். உண்மையில் அந்தத் தகவல் போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறிய ஆயுதங்களைப் பற்றியது. எதைப் பற்றியது என்று விளக்காமல் அதைச் சேர்த்திருக்கக் கூடாது என்று, உளவுத் தகவல்களை ஆராய அரசு அமைத்த பட்லர் குழு 2004-இல் சொன்னது. அதே ஆண்டு, அமெரிக்கா அனுப்பிய தேடல் குழுவே இராக்கில் அப்படிப்பட்ட ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

சட்டத்துக்குச் சொன்ன காரணம் வேறு. ஐ.நா. சாசனப்படி இன்னொரு நாட்டின் மீது படையெடுக்கக் கூடாது. தாக்கப்பட்டால் தற்காத்துக்கொள்ளலாம், அல்லது பாதுகாப்புச் சபை அனுமதி தர வேண்டும். மக்களைப் பெரும் அழிவிலிருந்து காப்பாற்றவும் தலையிடலாம் என்று பிரிட்டன் ஒரு மூன்றாவது வழியும் சொல்லும், பல நாடுகள் அதை ஏற்பதில்லை. 2002 ஜூலையிலேயே அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அன்றைய அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித், பிரதமர் டோனி பிளேரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஆட்சியை மாற்ற வேண்டும் என்பது போருக்குச் சட்டபூர்வக் காரணம் ஆகாது, தற்காப்பும் மனிதாபிமானத் தலையீடும் இங்கே பொருந்தாது. மிஞ்சியது பாதுகாப்புச் சபையின் அனுமதி மட்டும்தான். 'சதாம் கொடுங்கோலன், அவனை அகற்றியது நல்லதுதானே' என்று பிற்பாடு பலர் வாதாடினார்கள். அவர் கொடுங்கோலர் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் போருக்குச் சட்டக் காரணமாக அரசு அதைச் சொல்லவே இல்லை.

2002 நவம்பர் 8 அன்று பாதுகாப்புச் சபையின் பதினைந்து உறுப்பினர்களும் 1441-ஆம் தீர்மானத்துக்கு வாக்களித்தார்கள். இராக்குக்கு இது 'கடைசி வாய்ப்பு', தவறினால் 'கடுமையான விளைவுகள்' என்று அதில் இருந்தது. போர் தொடுக்கலாம் என்று எங்கும் இல்லை. தானாகப் போர் தொடங்கும் ஏற்பாடு எதுவும் இதில் கிடையாது என்று அமெரிக்கத் தூதரும் பிரிட்டிஷ் தூதரும் அன்றைக்குச் சபையிலேயே சொன்னார்கள். அதை நம்பித்தான் மற்ற நாடுகள் கைதூக்கின. பிறகு லண்டன் எடுத்த நிலை என்னவென்றால், குவைத்தை விடுவிப்பதற்காக 1990-இல் நிறைவேறிய 678-ஆம் தீர்மானம், இராக் நிபந்தனைகளை மீறியதால், மறுபடி உயிர்பெற்றுவிட்டது என்பது. பழைய வழக்கில் வாங்கிய உத்தரவைக் காட்டி, பன்னிரண்டு வருடம் கழித்து இன்னொரு வீட்டுக் கதவை உடைப்பது போன்ற வாதம் இது. வழக்கறிஞராக என்னால் இந்த வாதத்தை எழுத முடியும். ஜெயிக்கும் என்று கட்சிக்காரரிடம் சொல்ல முடியாது.

கோல்ட்ஸ்மித்தும் முதலில் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். 2003 மார்ச் 7 அன்று அவர் கொடுத்த 13 பக்க ஆலோசனையில், இப்படி வாதிடுவதற்கு நியாயம் உண்டு, ஆனால் நீதிமன்றம் மாறாகவும் முடிவு செய்யக்கூடும், இரண்டாவது தீர்மானம் வாங்குவதே பாதுகாப்பான வழி என்று எழுதினார். ராணுவத் தலைமை ஒத்துக்கொள்ளவில்லை. சிப்பாய்களை அனுப்புகிறோம், சட்டபூர்வமா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று முப்படைத் தலைவர் பாய்ஸ் கேட்டார். பத்தே நாளில், மார்ச் 17 அன்று, நாடாளுமன்றத்துக்கு ஒரு சிறு எழுத்துப் பதில் போனது. அதில் தயக்கம் எதுவும் இல்லை. முழு ஆலோசனை அமைச்சரவை முன் வைக்கப்படவில்லை. மறுநாள் வாக்கெடுப்பில் 412 பேர் ஆதரவு, 149 பேர் எதிர்ப்பு. அதற்குள் ராபின் குக் அமைச்சர் பதவியைத் துறந்திருந்தார். வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட், இது ஆக்கிரமிப்புக் குற்றத்துக்கு ஒப்பாகும் என்று எழுதிவைத்துவிட்டு வேலையை விட்டார். ஒரு சட்ட அதிகாரிக்கு இதைவிடக் கடினமான கடிதம் இருக்க முடியாது. அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இராக் போரைப் பற்றி பிரிட்டிஷ் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் சில்காட் அறிக்கை 2016 ஜூலை 6 அன்று வெளியானது. அது, அமைதி வழிகள் தீர்வதற்கு முன்பே போருக்குப் போனார்கள் என்றும், ஆபத்து எவ்வளவு என்பதை இல்லாத உறுதியோடு சொன்னார்கள் என்றும், சட்ட அடிப்படை உண்டு என்று முடிவெடுத்த விதம் திருப்திகரமானதே அல்ல என்றும் சொன்னது. போர் சட்டவிரோதமா என்ற தீர்ப்பை மட்டும் அது சொல்லவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது. நெதர்லாந்து அமைத்த டேவிட்ஸ் குழு 2010-இல் அதையும் சொன்னது: அந்தப் போருக்குச் சர்வதேசச் சட்டத்தில் போதுமான அனுமதி இருக்கவில்லை.

அப்படியானால் ஏதாவது ஒரு பிரிட்டிஷ் நீதிமன்றம் இதை விசாரித்ததா? இல்லை. விசாரிக்க மறுத்தன. உங்கள் மகன் விஷயத்தில் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

2003-இல், இராக் மீது குண்டு வீசும் விமானங்கள் கிளம்பவிருந்த இங்கிலாந்தின் ஃபேர்ஃபோர்டு விமானத் தளத்துக்குள் புகுந்தவர்கள், ஒரு குற்றத்தைத் தடுக்கத்தான் புகுந்தோம் என்றார்கள். ஆக்கிரமிப்புப் போர் சர்வதேசச் சட்டத்தில் குற்றம்தான், ஆனால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றாதவரை அது இந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் குற்றம் ஆகாது என்று, அன்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2006-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை வைத்தே 2017-இல், ஓர் இராக்கிய ஜெனரல் டோனி பிளேர் மீது தனிப்பட்ட குற்ற வழக்குத் தொடுக்க முயன்றபோது உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தாய்மார்களும் போயிருக்கிறார்கள், அம்மா. இராக்கில் இறந்த இரண்டு வீரர்களின் தாய்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் வயது 19. அரசாங்கம் பிள்ளையைப் போருக்கு அனுப்புமுன் அந்தப் போர் சட்டபூர்வமானதா என்று சரியாக விசாரித்ததா, இதற்கு ஒரு விசாரணை வையுங்கள் என்று மட்டும்தான் கேட்டார்கள். உயிர் வாழும் உரிமையை அடிப்படையாக வைத்து வாதாடினார்கள். ஒன்பது நீதிபதிகள் அந்த வாதங்களைக் கேட்டார்கள். 2008 ஏப்ரலில் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். ஐ.நா. சாசனம் நாடுகளுக்கு இடையிலான விஷயம், ஒரு தனி மனிதரின் உரிமையாக அதை இங்கே கொண்டுவர முடியாது என்பது சாரம். சட்டப்படி அந்தத் தீர்ப்பு தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது.

ஆகவே, 'இந்தப் போருக்குச் சொல்லும் காரணம் தவறு' என்று நீங்கள் வழக்குப் போட்டால் நிற்காது. உங்கள் மகன் அதையே சொல்லி உத்தரவை மறுத்தால், ராணுவ நீதிமன்றத்திலும் நிற்காது. விமானப்படை மருத்துவர் மால்கம் கெண்டல்-ஸ்மித், ஆவணங்களைப் படித்துப் பார்த்து, 2005-இல் இராக்கின் பாஸ்ராவுக்குப் போக மறுத்தார். படைகள் அங்கே இருப்பதற்கு அந்த நேரத்தில் ஐ.நா. அனுமதி இருந்தது, 2003-இல் நடந்ததைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை என்று ராணுவ நீதிபதி சொல்லிவிட்டார். எட்டு மாதச் சிறை, பதவி நீக்கம். ஜெர்மனியில் இதே போன்ற ஒருவருக்கு வேறு முடிவு கிடைத்தது. இராக் போருக்கு உதவக்கூடும் என்று ஒரு மென்பொருள் வேலையை மறுத்த மேஜரை, 2005 ஜூனில் லைப்ஸிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் விடுவித்தது. அவர்களுடைய அரசியலமைப்பு மனசாட்சிச் சுதந்திரத்தை அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறது. இங்கே அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

2006-ஆம் ஆண்டு ஆயுதப் படைகள் சட்டத்தில், சட்டபூர்வமான உத்தரவை மறுத்தால் அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. போர்ப் பணியைத் தவிர்ப்பதற்காக ஓடிப்போனால் ஆயுள் தண்டனை வரை போகலாம். நடைமுறையில் அவ்வளவு கொடுப்பதில்லை, மாதக்கணக்கில்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் 22 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதிவு வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும். எனவே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: எந்தக் கோபத்திலும் சொல்லாமல் கொள்ளாமல் முகாமை விட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

சட்டம் திறந்துவைத்திருக்கும் வழி வேறு. மனசாட்சிப்படி இனி ஆயுதம் ஏந்த முடியாது என்று ஒருவருக்கு உண்மையாகவே தோன்றினால், தன் கட்டளை அதிகாரியிடம் எழுத்தில் விண்ணப்பித்து விடுவிப்புக் கேட்கலாம். மறுக்கப்பட்டால் அதற்கென்றே இருக்கும் சுயேச்சையான ஆலோசனைக் குழுவிடம் முறையிடலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. விண்ணப்பம் போட்டுவிட்டோம், இனி உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. கடற்படை மருத்துவ உதவியாளர் மைக்கேல் லயன்ஸ், ஆப்கானிஸ்தானுக்குப் போகும் முன் துப்பாக்கிப் பயிற்சியை மறுத்தார். அவருடைய விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. 2011-இல் ஏழு மாதக் காவல் தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டிலும் தோற்றார். இன்னொன்று, 'இந்த அரசின் இந்தப் போர் பிடிக்கவில்லை' என்பதை அரசியல் கருத்தாகப் பார்ப்பார்கள். 'என்னால் இனி ஒரு மனிதரைச் சுட முடியாது' என்பது மனசாட்சி. உங்கள் மகனுக்கு இரண்டாவது இல்லை, முதலாவது மட்டும்தான் என்றால் இந்த வழி அவருக்கு உதவாது. இல்லாததை இருப்பதாக எழுதவும் கூடாது.

இன்று போர் உத்தரவு எதுவும் அவர் கையில் இல்லை. அதனால் யோசிக்க நேரம் இருக்கிறது, அது பெரிய விஷயம். ராணுவத்தில் பொதுவாக நான்கு ஆண்டு கட்டாயச் சேவை, விலக 12 மாத முன்னறிவிப்பு. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள், சரியான தேதி அதில் இருக்கும். தொடர விருப்பமில்லை என்றால் மூன்றாம் ஆண்டு முடியும்போதே அறிவிப்புக் கொடுப்பது பற்றி அவர் யோசிக்கலாம். முடிவு அவருடையது, உங்களுடையது அல்ல. இதைச் சொல்வதற்கு மன்னியுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. போர் என்ற பேச்சு எழுந்தவுடன் உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். 'போர் வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் ஒரு பொதுப்பதில் வரும். எந்தச் சட்ட அடிப்படையில் போகிறீர்கள், தற்காப்பா, பாதுகாப்புச் சபைத் தீர்மானமா, மனிதாபிமானத் தலையீடா, அந்த நிலைப்பாட்டை வாக்கெடுப்புக்கு முன் எழுத்தில் வெளியிடுவீர்களா என்று கேளுங்கள். இராக்குக்குப் பிறகு இது வீண் முயற்சி அல்ல. 2013-இல் சிரியா விஷயத்தில் அரசு தன் சட்ட நிலைப்பாட்டின் சுருக்கத்தை வெளியிட்டது, நாடாளுமன்றம் 285-க்கு 272 என்று மறுத்தது, பிரிட்டன் அன்று தாக்கவில்லை. ஆனால் வாக்கெடுப்பு நடத்தித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. 2018-இல் வாக்கெடுப்பு இல்லாமலே சிரியாவைத் தாக்கினார்கள். அதனால்தான் முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன்.

போருக்குப் போன காரணத்தைப் பற்றித்தான் நீதிமன்றக் கதவு மூடியிருக்கிறது. அனுப்பிய பிள்ளைக்குச் சரியான வாகனமும் கவசமும் கொடுத்தார்களா என்ற கேள்விக்கு அது திறந்தே இருக்கிறது. இராக்கில் பலவீனமான கவசம் கொண்ட ஸ்னாட்ச் லேண்ட் ரோவர் வாகனங்களில் இறந்தவர்களின் குடும்பங்கள் வழக்கு நடத்தலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. காலக்கெடு உண்டு: அலட்சியத்துக்கான வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு, மனித உரிமைச் சட்டப்படியான வழக்குக்குப் பொதுவாக ஒரே ஆண்டு. இது உங்களுக்கு ஒருபோதும் தேவைப்படக் கூடாது என்பதே என் பிரார்த்தனை.

கடைசியாக, ஊர்வலம். நீங்கள் தாராளமாகப் போகலாம். 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன் தெருக்களில் நடந்த லட்சக்கணக்கான பேரில் படைவீரர்களின் பெற்றோரும் இருந்தார்கள். நீங்கள் போனதற்காக மகன் மீது எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது. அவருக்கு மட்டும் அரசியல் நடவடிக்கைகளில் பங்கெடுக்கத் தடை இருக்கிறது, சீருடையில் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் அவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் ராணுவத்தில் இருக்கிறார் என்று எழுதிய பதாகையில் அவருடைய படைப்பிரிவின் பெயரோ படமோ போடவும் வேண்டாம்.