கண் டாக்டரா, நரம்பு டாக்டரா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தங்கைக்கு 32 வயது. போன வருஷம் இடது கண் நாலே நாளில் மங்கி, ஊசி போட்டதும் சரியானது. இப்போது வலது கண் வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது. என்.எம்.ஓ. (நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா) என்று சந்தேகப்படுகிறார்கள். யாரிடம் காட்டுவது?"

தேடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இன்றே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இந்த நோயில் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் பார்வையைத் தின்னும். வழக்கமாக மெத்தில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தினம் 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் டிரிப்பில் ஏற்றுவார்கள். அதற்கு முன்பே, இந்த நோயைக் கண்டறிய உதவும் அக்வாபோரின்-4 எதிரணு (ஆன்டிபாடி) சோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவு வரட்டும் என்று மருந்தை நிறுத்திவைக்க வேண்டாம்.

சரி, நிரந்தர டாக்டர் யார்? நரம்பியல் மருத்துவர்தான். கண்ணில் தெரிந்தாலும் இது கண் நோய் அல்ல; உடம்பின் எதிர்ப்பு சக்தியே பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. நரம்பு உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற வேறொரு நோய் போலவே தெரியும். ஆனால் அதற்குத் தரும் சில மருந்துகள் இதை மோசமாக்கிவிடும். அதனால்தான் 'எத்தனை என்.எம்.ஓ. நோயாளிகளைப் பார்த்துவருகிறீர்கள்?' என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்கச் சொல்கிறேன். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.

பார்வையை அளக்க நியூரோ ஆப்தல்மாலஜி, அதாவது பார்வை நரம்பு சார்ந்த கண் மருத்துவம், தெரிந்தவர் வேண்டும். மதுரை அரவிந்தில் அதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. நரம்புக்கு, நம் ஊர்க்காரர்கள் சென்னை, வேலூர் என்றே யோசிக்கிறார்கள். நாகர்கோவில் வழியாகப் போனால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவமனை அதைவிட எவ்வளவோ பக்கம். பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள்.

எங்கே போனாலும் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் பதிந்த சி.டி. தட்டும் கையில் இருக்கட்டும். எந்தத் தேதியில் என்ன ஆனது என்று ஒரே தாளில் எழுதுங்கள். வீட்டில் குங்குமச் சிமிழைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

விக்கலையும் விட்டுவிடாதீர்கள். 'யாரோ நினைக்கிறாங்க' என்று தண்ணீர் கொடுத்துச் சிரித்திருப்பீர்கள். ஆனால் நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும் இந்த நோய் மூளைத்தண்டைத் தொட்டதன் அடையாளமாக இருக்கலாம். வயிற்று டாக்டரிடம் காட்டிய பழைய சீட்டு இருந்தால் அதையும் ஃபைலில் சேருங்கள்.