முயலுக்கு விட்டமின் கொடுத்தால் வெக்கை தணியுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முயலைப் பற்றித்தான். பங்குனி வெயில் ஒரு காட்டுக் காட்டிவிட்டது போல. எல்லோரும் ஒரே விஷயத்தையே ஆளுக்கொரு பக்கமாகக் கேட்டிருப்பதால் மாடு, கோழிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

ஐயா, நான் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். சேமலாப நிதிக் காசில் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டுக் கூடு கட்டி 14 முயல் வளர்க்கிறேன். பங்குனி, சித்திரையில் பகல் முழுக்கத் தீனி தொடாமல் காலை நீட்டிப் படுத்தே கிடக்கின்றன. பாமசியில் விற்கும் விட்டமின் சி குளிசையைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் தெளிந்துவிடும் என்று மகன் போனில் பார்த்துச் சொல்கிறான். உண்மையா? எவ்வளவு போடுவது?
– வாசகி, பசறை

மகன் சொன்னது பொய்யில்லை அக்கா, ஆனால் பாதிதான். குளிசை கூட்டுக்குள் இருக்கிற சூட்டை ஒரு பாகைகூடக் குறைக்காது. அந்தச் சூடு முயலின் உடம்புக்குள் செய்கிற சேதத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. சூட்டை வெளியே தள்ள அதற்கு இருப்பது இரண்டு காதும் மூச்சும். ஒரு முயலின் காதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், சிவப்பு இரத்தக் குழாய்கள் வலை மாதிரி பின்னிக் கிடக்கும். மத்தியானத்தில் அது புடைத்து, தொட்டால் காது கொதிக்கும். 16 முதல் 21 பாகை வரை முயலுக்குச் சுகம். 25ஐத் தாண்டினால் தீனி குறையத் தொடங்கும், ஏனென்றால் தின்றதைச் செரிப்பதே உடம்புக்குள் இன்னொரு அடுப்பு மூட்டுவதுதான், அது தெரிந்துதான் முயல் தானாகவே தீனியை விடுகிறது. 30க்கு மேல் மூச்சு வாங்கும். 35க்கு மேல் காதும் மூச்சும் போதாமல் உடம்புச் சூடே ஏறும்.

சரி, விட்டமின் சிக்கு வருவோம். முயல் அதைத் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும், நமக்கும் கினிப்பன்றிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பிறகு எதற்கு வெளியிலிருந்து கொடுப்பது என்றால், வெக்கையில் உடம்பு அதைச் செலவழிக்கிற வேகத்துக்குத் தயாரிப்பு ஈடுகொடுப்பதில்லை. இதைப் பற்றிய ஆய்வுகளில் நிறைய எகிப்தில் நடந்தவை, அங்கே கோடையில் முயல் வளர்ப்பது பெரும்பாடு. தீனி கிலோவுக்கு 200 முதல் 500 மில்லிகிராம் வரை விட்டமின் சி சேர்த்துப் பார்த்ததில் தீனி எடுப்பும் எடையும் ஓரளவு தேறியிருக்கின்றன. ஓரளவு என்ற சொல்லைக் கவனியுங்கள்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெரிய முயல் ஒன்று நாளைக்கு 130 கிராம் அளவில் தீனி எடுக்கிறது என்று வைத்தால் 14 முயலுக்கு 1.8 கிலோ. கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்றால் மொத்தம் 540. அதாவது 14 முயலுக்கும் சேர்த்து நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்று, அல்லது 100 மில்லிகிராம் குளிசை ஐந்து. முயலுக்கு ஒன்று என்று போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். சப்பிச் சாப்பிடுகிற இனிப்புக் குளிசை வேண்டாம், வெறும் குளிசையாகக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீரில் கரைத்து வைப்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். விட்டமின் சி வெயிலும் காற்றும் பட்ட தண்ணீரில் சில மணி நேரத்திலேயே கெட்டுப்போகும். காலையில் கரைத்து வைத்தால் முயலுக்கு வேண்டிய மத்தியானத்தில் அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. குளிசையைப் பொடியாக்கி இரண்டு கரண்டித் தண்ணீரில் கரைத்து, தவிட்டில் தெளித்துப் பிசைந்து, பின்னேரம் 5 மணிக்கு மேல் வையுங்கள். முயல் அந்தி சாய்ந்த பிறகும் விடியலிலும்தான் வயிறாரத் தின்னும், வெயில் காலத்தில் முழுத் தீனியையும் அந்த நேரத்துக்கு மாற்றிவிடுவதே பாதி வைத்தியம். ஈரத் தவிடு விடியும்போது புளித்துவிடும், இரவே தின்று முடிக்கிற அளவுக்குப் பிசையுங்கள். பக்கத்தில் முருங்கை நின்றால் முயலுக்கு ஒரு பிடி இலை போடுங்கள், அதில் விட்டமின் சியும் இருக்கிறது, விட்டமின் ஈயும் இருக்கிறது, காசும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு உண்மையைச் சொல்கிறேன், நான் உங்கள் இடத்தில் இருந்தால் பாமசிக்குப் போகுமுன் தகரத்தைத்தான் பார்ப்பேன். மத்தியானம் 1 மணிக்குக் கூட்டுக்குள் கையை விட்டு, தகரத்துக்கு ஒரு சாண் கீழே உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். உங்களுக்கே பொறுக்கவில்லை என்றால் முயல் என்ன செய்யும்? தகரத்துக்கு மேல் ஒரு அடி உயரத்தில் மூங்கில் கட்டி கினிப் புல்லோ தென்னோலையோ பரப்புங்கள், நடுவில் காற்று ஓட இடைவெளி இருக்க வேண்டும். கூட்டின் பக்கவாட்டில் தொங்குகிற சாக்கைச் சுருட்டி வையுங்கள். குளிருக்குப் போட்டது பங்குனியிலும் தொங்குவதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்!

தண்ணீரையும் பாருங்கள். பீலியிலிருந்து, அதாவது மலை ஊற்றுத் தண்ணீர் விழுகிற இடத்திலிருந்து, கறுப்பு ஹோஸ் பைப்பில் கொண்டுவருகிறீர்கள் என்றால் அந்தப் பைப் வெயிலில் கிடந்து உள்ளே தேத்தண்ணிக்கு வைத்த மாதிரி சுட்டுக்கொண்டிருக்கும். சூடான தண்ணீரை முயல் குடிக்காது. முதலில் வருவதை வாளியில் விட்டுச் செடிக்கு ஊற்றிவிட்டு, குளிர்ந்தது வந்த பிறகு போத்தலை நிரப்புங்கள். போத்தல் குழாயின் நுனிக் குண்டு ஒட்டாமல் உருளுகிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். ஒருமுறை என்னுடைய ஒரு பெண் முயல் நான்கு குட்டியோடு சோர்ந்து கிடந்தது, என்னென்னமோ சத்து வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், மூன்றாம் நாள்தான் போத்தல் பாதிக்கு மேல் இறங்கவே இல்லை என்பது கண்ணில் பட்டது. உள்ளே பாசி அடைத்திருந்தது. பால் கொடுக்கும் முயல் நாளைக்கு ஒரு லீட்டர் வரை குடிக்கும், அதை வைத்துப் பார்த்தால் நான் செய்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று புரியும்.

சித்திரை முடிந்து மூன்று பெண் முயல்களை ஆண் முயலிடம் விட்டேன். சேர்ந்தன, ஆனால் ஒன்றும் சினை பிடிக்கவில்லை. கடாவுக்கு இரண்டு வயதுதான். விற்றுவிடவா?
– வாசகர், பண்டாரவளை

விற்காதீர்கள். குற்றம் கடாவில் இல்லை, சித்திரையில் இருக்கிறது. ஆண் முயலின் விந்து உருவாகி முதிர்ந்து வர 6 முதல் 8 வாரம் ஆகும். உருவாகிக்கொண்டிருக்கும்போது வெக்கை பட்டால் எண்ணிக்கையும் குறையும், நீந்துகிற வேகமும் குறையும். வெளியே பார்க்க ஆள் நல்ல திடகாத்திரமாக இருப்பார், ஆசையும் இருக்கும், வேலைதான் நடக்காது. சித்திரையில் பட்டது ஆனி வரை தெரியும். அதனால் வைகாசியில் விட்டது வீண் போனதில் ஆச்சரியமே இல்லை. ஆனி கடந்து, விடியற்காலைக் குளிரில் மறுபடி விட்டுப் பாருங்கள், 12ஆம் நாள் அடிவயிற்றை மெல்லத் தடவினால் திராட்சைப் பழம் மாதிரித் தட்டுப்படும்.

சத்து மருந்து நிஜமாகவே உதவுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். விட்டமின் ஈயும் சியும் ஒன்றுக்கொன்று துணை, விந்தணுவின் மேல்தோல் வெக்கையில் கெட்டுப்போகாமல் ஈ காக்கும், அப்படிக் காத்துக் களைத்த ஈயை சி மறுபடி எழுப்பி விடும். ஆனால் விட்டமின் ஈ உடம்பில் மெதுவாகச் சேருவது, வெயில் ஏறிய பிறகு தொடங்கினால் பிந்திவிட்டது. மாசியிலேயே தொடங்க வேண்டும். தீனி கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவு போதும். பாமசியில் கிடைக்கிற 400 அலகு வில்லையைக் குத்திப் பிழிந்து 4 கிலோ தீனியில் நன்றாகக் கலந்தால் கணக்கு ஏறத்தாழச் சரி. செலேனியமும் சேர்க்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். கையால் அளந்து போடாதீர்கள், தேவையும் நஞ்சும் அதில் மிகக் கிட்டக் கிட்ட இருக்கின்றன.

அப்புறம் ஒன்று, உங்கள் ஊவாப் பக்கத்தில் சித்திரையோடு வெயில் முடிவதில்லை. ஆனி, ஆடியில் மற்றப் பக்கம் மழை கொட்டும்போது மலையைத் தாண்டி வருகிற காற்று உங்களுக்கு வறண்டுதான் வரும். கடாவை எல்லாவற்றிலும் குளிர்ந்த மூலையில் வையுங்கள். பெண் முயலை விட அவருக்குத்தான் நிழல் அவசியம்.

கோழிக்கு வாங்கிய விட்டமின் தூளும் குஞ்சுத் தீனியும் மிச்சம் இருக்கிறது. வெயிலுக்கு முயலுக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், ஹாலி-எல

தூளில் வெறும் விட்டமினும் உப்பும் மட்டும் இருந்தால் கொடுக்கலாம், லேபிளைப் படித்த பிறகு. குஞ்சுத் தீனி கூடவே கூடாது. இரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சாலினோமைசின், நராசின் மாதிரி மருந்துகள் கலந்திருக்கக்கூடும், கோழிக்கு மருந்தாக இருக்கிற அளவு முயலைக் கொல்லும். அமொக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய்வழி கொடுத்தாலும் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்து, பின்னால் முயலும் போகும்.

எங்கள் ஊரே குளிர். முயலை மரக்கறி வளர்த்த பொலித்தீன் கூடாரத்துக்குள் மாற்றியிருக்கிறோம். எங்களுக்கும் இந்த மருந்தெல்லாம் வேண்டுமா?
– வாசகர், நுவரெலியா

1,868 மீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு வெக்கைக்கு மருந்து கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான். ஆனால் சிரிக்கிற விஷயமில்லை, வெளியே 20 பாகை இருக்கும்போது மூடின பொலித்தீனுக்குள் நல்ல வெயிலில் 35ஐத் தாண்டும். முயலை வெளியே எடுங்கள், மருந்து ஒன்றும் வேண்டாம். தோட்டத்துக் கழிவில் கரட் இலை கொடுக்கலாம். லீக்ஸ் தாளும் உருளைக்கிழங்குச் செடியும் முயலுக்கு நஞ்சு.

மத்தியானம் ஒரு முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு விழுந்து கிடந்தது. ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்தேன், செத்துவிட்டது. நான் செய்தது பிழையா?
– வாசகி, கம்பளை

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற நிலைக்கு வந்த முயல் எப்படியும் பிழைப்பது கஷ்டம், உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். ஆனால் ஐஸில் முக்குவது கூடாது. தோலின் இரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி, உள்ளே இருக்கிற சூடு வெளியே வர வழியில்லாமல் போகும், அதிர்ச்சியும் சேரும். நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துக் காதுகளைத் துடைத்துக்கொண்டே இருங்கள், பாதத்தையும் நனையுங்கள், மட்டையால் விசிறுங்கள். வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், புரையேறும்; எழுந்து தானாகக் குடிக்கட்டும். எழுந்த பிறகு, வயிற்றோட்டத்துக்குக் குடிக்கிற ஜீவனி கரைசலை இன்னொரு பங்கு தண்ணீர் விட்டு ஐதாக்கி வைக்கலாம், பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்க வேண்டும், சீனி சேர்ந்தது என்பதால் ஜீவனியைப் பின்னேரத்துக்குள் கொட்டிவிடுங்கள். அப்படியே கால்நடை வைத்தியருக்கும் ஒரு கோல் எடுங்கள்.

இனி அந்த நிலைக்கு வருமுன் பிடிக்க ஒரு வழி: விலாவைப் பார்த்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 30 முதல் 60 மூச்சு. 100ஐத் தாண்டினால் உடனே ஈரச் சாக்கைக் கட்டி, தண்ணீரை உறைய வைத்த போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் போடுங்கள். அதுவே போய் ஒட்டிக்கொண்டு படுக்கும்.

விட்டமின் சி என்றால் தேசிக்காய் போதாதா?
– வாசகர், ஹட்டன்

ஒரு முழுத் தேசிக்காயைப் பிழிந்தாலும் 15 மில்லிகிராம் தேறுவதே பெரிய காரியம். பசறை அக்காவின் 14 முயலுக்குக் கணக்குப் பார்த்தால் நாளைக்கு 30க்கு மேல் பிழிய வேண்டும், புளிப்புக்கு முயல் தண்ணீரையே வெறுத்துவிடும். தேசிக்காயை நீங்கள் குடியுங்கள்.