கென்னடியை விட்டுவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

தலைவர்கள் மேடையில் உளறியதையெல்லாம் நண்பர்கள் சேர்ந்து தொகுத்து வருகிறோம். பெர்லினில் ஜெர்மன் பேசப்போய், கென்னடி ‘நான் ஒரு ஜாம் பன்’ என்று சொன்னதற்குத்தான் முதலிடம். உங்களுக்குப் பிடித்த உளறல் எது? தலைவர்களுக்கு மட்டும் ஏன் இப்படி வாய் தவறுகிறது?

அன்புள்ள தம்பி,

முதலில் கென்னடியை எடுத்துவிடுங்கள். 1963 ஜூன் 26 அன்று ‘இஷ் பின் ஐன் பெர்லினர்’, அதாவது ‘நான் ஒரு பெர்லின்காரன்’ என்று அவர் பேசிய ஜெர்மன் சரியானதுதான். ஜாம் பன்னையும் ‘பெர்லினர்’ என்பது வெளியூர்க்காரர்கள். பெர்லினிலேயே அதற்கு வேறு பெயர். தெரியாத மொழி என்பதால் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தன் கைப்படக் குறித்துக்கொண்டு போனவர் அவர். அவரைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்? வாட்ஸப்பில் வந்தால் எதையும் நம்பிவிடுவதா?

வாய் எல்லோருக்கும்தான் தவறுகிறது. அவர்கள் முன்னால் மைக் இருக்கிறது, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் சுதந்திர தினத்தன்று, ‘1847-ல் விடுதலை பெற்றோம்’ என்று முழங்கினேன். ஆசிரியர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்று கொடுத்த மிட்டாயைத் தின்னவில்லை. சட்டைப்பையிலேயே உருகிப் பிசுபிசுத்தது. ஊருக்குப் போனால் இன்றும் ஒருவன், “என்னடா நூறு வருஷம், எப்ப வந்தே?” என்பான்.

நாக்கு பிசகுவது வேறு, தாளைப் படிக்காமல் வந்து உட்காருவது வேறு. உங்கள் தொகுப்பில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பீர்கள். கிழக்கு ஜெர்மனியின் குந்தர் ஷபோவ்ஸ்கியைப் பாருங்கள். ஆளும் கட்சியின் தலைமைக் குழுவில் இருந்தவர். 1989 நவம்பர் 9 மாலை, பத்திரிகையாளர் சந்திப்புக்குக் கிளம்பும்போது மக்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போவதற்கான புதிய பயண விதிகள் அடங்கிய தாளை அவர் கையில் கொடுக்கிறார்கள். மறுநாள் அதிகாலைதான் வெளியிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் அவர் இல்லை; தாளையும் ஒழுங்காகப் படிக்கவில்லை. எவ்வளவு பெரிய பொறுப்பு, எவ்வளவு அலட்சியம்! எப்போதிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்று கேட்கிறார்கள். “எனக்குத் தெரிந்தவரை... உடனே, தாமதமில்லாமல்” என்கிறார். செய்தி கேட்ட ஜனம், பெர்லினை இரண்டாகப் பிரித்த சுவரை நோக்கித் திரண்டது. போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடியில், கூட்டத்தைத் தாங்க முடியாமல் ஹரால்ட் யேகர் என்ற அதிகாரி இரவு 11.30 வாக்கில் கதவைத் திறந்துவிட்டார்.

அப்புறம் சுவரே விழுந்தது உங்களுக்கே தெரியும். எனக்குப் பிடித்த உளறல் அதுதான். காணொளி இருக்கிறது, பாருங்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் தாள்களைப் புரட்டும் அந்தச் சில நொடிகள் வரும்போது மட்டும், என்னதான் திட்டினாலும், எனக்கு வயிறு கலங்கும். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும்.