கடனை மன்னித்தால் மறுபடியும் கொடுத்தே ஆக வேண்டுமா?

சித்தப்பா மகன் முன்பு வாங்கிய 800 வெள்ளியைத் திருப்பித் தரவில்லை, இப்போது மறுபடியும் கேட்கிறார் என்கிறீர்கள். ரொக்கமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. பழைய கடனை மன்னிப்பது வேறு, அவர் இப்போது கேட்பதைக் கையில் கொடுப்பது வேறு. பைபிளில் லூக்கா 10:35 பாருங்கள். இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் பணத்தை அவன் கையில் தரவில்லை, சத்திரக்காரனிடம் கொடுத்தான். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். இரக்கம் அதில் கொஞ்சமும் குறையவில்லையே!

மாதக் கடைசியில்தான் கேட்கிறார் என்கிறீர்கள். அநேகமாகக் கடன் தவணை நெருக்கும். "மின்சார பில்லைக் கொடு, நானே கட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கொடுத்தால், சரி, கணக்குப் பார்க்காமல் கட்டிவிடுங்கள். வங்கிக் கடன் என்றால், மலேசியாவின் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே (AKPK) தரும் ஆலோசனை இலவசம்.

ஆனால் ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) மிரட்டல் என்றால் ஜாமீன் நிற்காதீர்கள். போலீஸ் புகார்தான் முதலில். அவரைத் தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள்.