சில்லுக்குள் ஓடப்போவது எது? வாசகர் கேள்விகள்

மயிரிழை அளவுச் சேனல்களில் திரவத்தை ஓட்டும் மைக்ரோஃபுளூயிடிக் சில்லுகளைச் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கே: பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) காட்டி ஒட்டிய பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்), கண்ணாடியை விட்டு உரிந்து வருகிறது. ஏன்?

ப: எத்தனை வாட், எத்தனை நொடி, எவ்வளவு நேரம் கழித்து ஒட்டினீர்கள்? ஒன்றுமே கடிதத்தில் இல்லை. குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். அரை நிமிடம் போதும். அதிகம் காட்டினால் மேற்பரப்பு நொறுங்கும். வெளியே எடுத்ததும் ஓரிரு நிமிடத்தில் ஒட்டிவிடுங்கள். ஒட்டும் முகத்தில் விரல் படக்கூடாது. அப்புறம் தூசி! ஒரு நூலிழை கிடந்தாலும் அதை ஒட்டியே நீர் கசியும். பிளாஸ்மா காட்டுமுன் செலோடேப்பை அழுத்தி உரித்தெடுங்கள்.

கே: 3டி பிரின்டரில் செய்த மோல்டில் ஊற்றினால் அடிப்பக்கம் பிசுபிசுக்கிறது.

ப: ரெசினில் மிஞ்சியிருக்கும் சரக்கு, பிடிஎம்எஸ்ஸை இறுக வைக்கும் பிளாட்டினத்தை முடக்குகிறது. மோல்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, புற ஊதா ஒளி காட்டி, ஓர் இரவு வெப்ப அடுப்பில் வையுங்கள். லேடெக்ஸ் கையுறையில் உள்ள கந்தகமும் இதே வேலையைச் செய்யும். 10:1 கலவையை (மூலத்திரவம் பத்து, இறுக்கும் திரவம் ஒன்று) தராசில் நிறுத்துப் போடுங்கள், கண்ணளவில் வேண்டாம்.

கே: பிடிஎம்எஸ் சில்லில் செல்களுக்குப் புற்றுநோய் மருந்து செலுத்துகிறோம். வளர்ப்புத் தட்டில் கொடுக்கும்போது வேலை செய்கிற அளவுக்கு இங்கே வேலை செய்யவில்லை. செல்களுக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதா?

ப: செல்லைக் குறை சொல்லுமுன் சுவரைப் பாருங்கள். நீரை வெறுக்கும் சிறு மூலக்கூறுகளை பிடிஎம்எஸ் உள்ளே இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வாளர்கள் டோப்கியும் பீபியும் 2006லேயே இதைக் காட்டிவிட்டார்கள். நானும் நீரை வெறுக்கும் நைல் ரெட் சாயத்தை ஓட்டி, கழுவி, நுண்ணோக்கியில் பார்த்தேன். சேனல் காலி, இருபக்கச் சுவரும் சிவப்பாக ஒளிர்ந்தன. எத்தனை முறை கழுவியும் போகவில்லை. உங்கள் மருந்தும் அப்படிச் சுவருக்குள் போயிருக்கலாம். சேனல் சிறுக்கச் சிறுக்க, திரவத்தின் அளவோடு பார்த்தால் சுவர்ப்பரப்பு கூடும், இழப்பும் கூடும். பிளாஸ்மா காட்டிச் சுவரை நீரை விரும்ப வைத்தால் தீரும் என்று நினைக்காதீர்கள், சில மணி நேரத்திலேயே பழைய குணம் திரும்பத் தொடங்கிவிடும். 1998ல் ஹார்வர்டில் வைட்சைட்ஸ் குழு இந்த வார்ப்பு முறையைக் கொடுத்ததிலிருந்து, எளிது என்பதற்காகவே எல்லோரும் எல்லாவற்றுக்கும் இதையே எடுக்கிறார்கள். காற்று ஊடுருவுவதால் செல் வளர்க்க அருமையான பொருள், மறுக்கவில்லை. ஆனால் மருந்தின் அளவை நம்பிச் சொல்ல வேண்டிய சோதனைக்கு ஆகாது. முதலில் செல் இல்லாமல் மருந்தை ஓட்டி, வெளியே வருவதை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் கண்ணாடிக்கோ சிஓசி பிளாஸ்டிக்குக்கோ மாறுங்கள். எது ஓடப்போகிறது என்று முடிவு செய்துவிட்டுப் பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

கே: லேசரில் வெட்டிய அக்ரிலிக்கை ஆல்கஹாலில் துடைத்ததும் மயிரிழை விரிசல்கள்.

ப: லேசர் சூட்டால் ஓரங்களில் இழுவிசை தங்கிவிடும். ஏறக்குறைய 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, மெல்ல ஆறவிட்ட பிறகு துடையுங்கள்.

கே: காகிதச் சில்லில் சேனலுக்குச் சுவராக வரைந்த மெழுகை உருக்கியதும் சேனல் அடைபடுகிறது.

ப: மெழுகு கீழே இறங்குவதுபோலப் பக்கவாட்டிலும் பரவும். வரையும்போதே சேனலை அகலமாக விடுங்கள்.

கே: பிடிஎம்எஸ்ஸில் டொலுயீன் ஓட்டலாமா?

ப: கூடாது. பிடிஎம்எஸ் ஊதி, சேனல் குறுகிப்போகும். எது ஓடப்போகிறது என்று பாருங்கள் என்றேனே! இதற்குக் கண்ணாடிதான்.

கே: வீட்டிலேயே ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் கண்ணாடியை அரிக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். நீர்த்த அமிலம் பட்டால் உடனே வலிக்காது. தோலைத் தாண்டி எலும்புவரை இறங்கும், இரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்து உயிரையே எடுக்கும். புகைபோக்கிக் கூண்டு, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, பக்கத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆள், இவை மூன்றும் உள்ள ஆய்வகத்துக்குப் போங்கள்.