படம் எந்த மாதம் எடுத்தது? பயணத்துக்கு முன் சில கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறைக்குத் திட்டமிடும் உறுப்பினர்கள், இணையத்தில் படித்த விமர்சனங்களையும் பயணிகள் போட்ட படங்களையும் முன்வைத்துக் கேட்ட கேள்விகள் இவை. குடும்பப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்வதைத் தொழிலாகக் கொண்ட மூத்த உறுப்பினர் பதில் அளிக்கிறார்.

கோவையிலிருந்து: அக்கா, பாட்டியை ராமேஸ்வரம் அழைத்துப் போகிறோம். தனுஷ்கோடிக்கு மணலில் வேனில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நல்ல சாலை இருக்கிறது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் மண்டபம் ஊரோடு நின்றுவிடும் என்கிறார் ஒருவர். யாரை நம்புவது?

மூவரும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள், தம்பி. அவரவர் பயணம் செய்த ஆண்டுதான் வேறு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு, அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த முனைக்குச் சாலை கிடையாது. அந்தக் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை திறந்தது 2017-இல். அதற்கு முன் போனவர் மணலைப் பற்றி எழுதினார். ரயில் கதையும் அப்படித்தான். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. நடுவில் போனவர்கள் எல்லோரும் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தவர்கள். ஆகவே நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் தேதியைப் பாருங்கள். ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்திக்கொண்டு, கடைசி சில மாதங்களில் வந்தவற்றை மட்டும் முதலில் படியுங்கள்.

பாட்டிக்காக இன்னொன்றும் பார்க்க வேண்டும். அரிச்சல்முனையில் மக்கள் எடுத்துக்கொண்ட படங்களில், சிரிக்கும் முகங்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் பாருங்கள். ஒதுங்கி நிற்க ஒரு மரநிழல்கூடத் தெரியாது. அதனால் காலையிலேயே போய்த் திரும்பிவிடுங்கள். மாலையில் வாகனங்களை அனுமதிப்பதில்லை. கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது என்பதால், 22 தீர்த்தங்கள் இருக்கும் பகுதிக்குப் படங்கள் உதவாது. அங்கே எழுத்தை மட்டுமே நம்ப வேண்டும். விமர்சனங்களுக்குள் ‘வழுக்கும்’, ‘ஈரம்’, ‘வயதானவர்’ என்று தேடினால், தாத்தா பாட்டியோடு போனவர்களின் அனுபவம் மேலே வந்துவிடும்.

திருச்சியிலிருந்து: கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் பார்த்திருக்கிறோம். படத்தில் அறை கல்யாண மண்டபம் போலத் தெரிகிறது. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். கூடுதல் படுக்கை போட முடியுமா என்று படத்தை வைத்தே சொல்ல முடியுமா?

முடியும். தரையைப் பாருங்கள். அகலமான லென்ஸில் எடுத்தால் அறை விரிந்து தெரியும்; ஆனால் தரையில் பதித்த டைல்ஸின் எண்ணிக்கை மாறாது. முதலில் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் எத்தனை டைல்ஸ் அகலத்துக்கு வருகிறது என்று எண்ணுங்கள். ஹோட்டல்களில் இருவர் படுக்கும் கட்டில் பெரும்பாலும் ஐந்தடி அகலம். அது இரண்டரை டைல்ஸ் அளவுக்கு வந்தால், ஒரு டைல் இரண்டடி. ஐந்து டைல்ஸ் அளவுக்கு வந்தால், ஒரு டைல் ஓரடி. பிறகு அதே வரிசையில் சுவருக்குச் சுவர் எண்ணுங்கள். இரண்டடி டைல்ஸில் ஐந்து வந்தால், அறை பத்தடி அகலம். கட்டில் போக மீதி ஐந்தடி. அதில் மூன்றடி மெத்தை விரித்தால் நடக்க இரண்டடிதான் மிச்சம். இரவில் குழந்தை எழுந்து குளியலறைக்குப் போக வேண்டும் என்பதையும் நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

ஹோட்டல்காரர் போட்ட படத்தில் கட்டில் இருக்கும். பயணிகள் போட்ட படத்தில் குளியலறை இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் பெரிது. கொடைக்கானல் மாதிரி ஈரமான மலையூரில் கூரையும் சுவரும் சேரும் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புத் திட்டுகள் தெரிந்தால், எவ்வளவு அழகான பள்ளத்தாக்கு ஜன்னலில் தெரிந்தாலும் ஆஸ்துமா உள்ள குழந்தையை அங்கே தங்க வைக்காதீர்கள். சொந்த வண்டியில் போவதானால் இ-பாஸ் எடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். பழைய விமர்சனங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

விருதுநகரிலிருந்து: மே மாதம் குற்றாலம் போகலாமா? படங்களில் அருவி பொங்கி விழுகிறதே!

அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை எடுத்தவையாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால்தான் அங்கே சீசன். மே மாதத்துப் படங்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், சில ஆண்டுகளில் பாறைதான் தெரியும். கோடை மழை பெய்தால் தண்ணீர் வரும். ஆனால் அது எச்சரிக்கை தராமல் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது.

‘இவ்வளவு தூரம் போயும் குளிக்க விடவில்லை’ என்று கோபமாக ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களையும் படியுங்கள். அவர்களுடைய ஏமாற்றம் உங்களுக்குத் தகவல். எந்தெந்த நாட்களில், எவ்வளவு மழைக்குப் பிறகு தடை விதித்தார்கள் என்று அதிலிருந்து தெரிந்துவிடும். தடை போட்டிருந்தால் தயவுசெய்து திரும்பி வந்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து: மூணாறு மலை முழுவதும் நீலக்குறிஞ்சி பூத்த படம் பார்த்தேன். இந்த ஆகஸ்டில் போனால் பார்க்கலாமா?

அது பெரும்பாலும் 2018-ஆம் ஆண்டுப் படமாக இருக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. மூணாறில் அடுத்தது 2030. மூணாறுக்குத் தாராளமாகப் போங்கள், அந்தப் படத்துக்காகப் போகாதீர்கள்.

வேலூரிலிருந்து: அம்மாவுக்கு மூட்டுவலி. சோளிங்கர் நரசிம்மரைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆயிரத்து முந்நூறு படி என்று எல்லோரும் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தயங்குகிறோம்.

படிகள் உண்மை. ஆனால் 2024 மார்ச்சில் அங்கே ரோப் கார் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதியவர்களை மட்டும் படியுங்கள். அவர்கள் போட்ட படங்களில், ரோப் காரை விட்டு இறங்கிய இடத்திலிருந்து சன்னதி வரை உள்ள வழியைத் தேடிப் பாருங்கள்: படி இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று. பலத்த காற்றுக்காகவோ பராமரிப்புக்காகவோ நிறுத்தக்கூடிய வசதி அது. கிளம்பும் நாள் காலையில் கோயில் அலுவலகத்தில் கேட்டுவிட்டு அம்மாவை வண்டியில் ஏற்றுங்கள்.

சென்னையிலிருந்து: 4.8 மதிப்பெண், 4.1 மதிப்பெண். நான் எப்போதும் முதலாவதைத்தான் எடுப்பேன். சரிதானே அம்மா?

எனக்கு அந்த எண் மட்டும் போதாது. 2017-இல் லண்டனில் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப் அட்வைசர் என்ற பயண விமர்சனத் தளத்தில் பதிந்து, பொய் விமர்சனங்களாலேயே அந்த நகரத்தின் முதலிடத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். முதலிடத்துக்கு வரும்வரை ஒரு வேளைச் சாப்பாடுகூடப் பரிமாறாத உணவகம் அது! ஒரே வாரத்தில் வந்து குவிந்த ஐந்து நட்சத்திரங்கள், ‘அருமை, அற்புதம்’ என்பதைத் தாண்டாத வரிகள், வேறு எங்கேயும் எழுதியிராத கணக்குகள்: இவற்றைத் தள்ளிவிடுங்கள். மூன்று நட்சத்திரம் போட்டவர்தான் பெரும்பாலும் நிதானமாக எழுதுகிறார். எழுதியவர் பெயரைத் தொட்டால் அவருடைய மற்ற விமர்சனங்கள் தெரியும். ‘சாப்பாடு மோசம்’ என்றவர், எல்லா ஊரிலும் ரொட்டி கிடைக்காத வருத்தத்தைத்தான் எழுதியிருக்கிறார் என்றால், இட்லி தேடும் உங்களுக்கு அந்தக் குறை பொருந்தாது.

ஒரு சிறு வழியும் சொல்கிறேன். நம்மவர்கள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். ‘வெந்நீர்’ என்று ஒரே வகையில் தேடி நிறுத்திவிடாமல், ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். ‘ஹாட் வாட்டர்’, ‘கீசர்’ என்றும் தேடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: அலுவலக வேலையாகத் தனியாக மதுரை போகிறேன் அக்கா. லாட்ஜ் பற்றிய விமர்சனங்கள் எல்லாம் குடும்பத்தோடு தங்கியவர்கள் எழுதியவை. நான் எதைப் பார்க்க வேண்டும்?

உன் கேள்விதான் எனக்கு முக்கியம், தங்கையே. ‘தனியாக’, ‘பெண்’ என்ற சொற்களைத் தேடித் தனியே தங்கிய பெண்கள் எழுதியதை முதலில் படி. ஒருவர்கூட எழுதவில்லை என்றால் வேறு இடம் பார். பிறகு கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியில் பஸ் நிறுத்தத்திலிருந்து லாட்ஜ் வாசல் வரை நடந்து பார். அந்தக் காட்சி எடுத்த மாதமும் ஆண்டும் திரையிலேயே இருக்கும். அது பகலில் எடுத்தது என்பதால், பயணிகள் படங்களில் இரவு நேரத்துப் படத்தைத் தேடு: தெருவிளக்கு எரிகிறதா, பக்கத்துக் கடை திறந்திருக்கிறதா, வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள். குளியலறைப் படம் இருந்தால் கதவுத் தாழ்ப்பாளையும் காற்றுப்போக்கி ஜன்னலையும் பெரிதாக்கிப் பார்.

முன்பணம் கட்டுவதற்கு முன் இரவு ஒன்பது மணிக்கு மேல் லாட்ஜுக்குத் தொலைபேசியில் கூப்பிடு. இரவு முழுவதும் வரவேற்பில் ஆள் இருப்பாரா, அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, எந்த மாடி என்று கேள். எரிச்சலோடு பதில் வந்தால், விமர்சனம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த அறை வேண்டாம்.